கட்டையைக் கழற்றி மாட்டினேன், குரூப் விரிந்துவிட்டது: ஸ்க்ரூவா, மரமா, நானா?

வாலறுந்த ஸ்லிங் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாலு வருஷமாக 50 மீட்டர் ப்ரோன் (படுத்துக்கொண்டு சுடுவது) சுடுகிறேன். ரைபிள் பழைய அன்ஷூட்ஸ், 1907 மாடல். கட்டை (பேரலைத் தாங்கும் மரப்பகுதி) வால்நட். கிளப் சீனியர் அக்கா ஒருவரிடமிருந்து முறைப்படி என் லைசென்ஸுக்கு மாறி வந்தது.

போன மாதம் பயிற்சியின்போது சாரல் அடித்தது. ஃபயரிங் பாயின்ட்டில் கூரை இருந்தும் இடது பக்கமாக நன்றாக நனைந்துவிட்டது. கட்டைக்குள் தண்ணீர் போயிருந்தால் துருப்பிடிக்குமே என்று பயந்து, வீட்டுக்கு வந்ததும் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பகுதி) எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி, இரும்பைத் தனியாக மரத்தைத் தனியாகப் பிரித்துத் துடைத்தேன். கட்டையை ஒரு ராத்திரி ஃபேனுக்கு அடியில் வைத்து, மறுநாள் பூட்டினேன். ஸ்க்ரூவைக் கைக்கணக்கில்தான் முறுக்கினேன்.

அடுத்த ஞாயிறு முதல் ரவுண்டே 8 மிமீ கீழே, இடது பக்கம். சரி, குறிபார்க்கும் சைட்டைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஆனால் குரூப், அதாவது ஓட்டைகளின் கூட்டம், நெருங்கி வரவில்லை. முன்பு பத்து ரவுண்டு 16 மிமீக்குள் அடங்கும். இப்போது 24. அதிலும் பத்தில் இரண்டு தனியாகப் பிய்த்துக்கொண்டு வலது கீழ்ப் பக்கம், கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் இடத்துக்குப் போகிறது. 60 ரவுண்டுக்கு (ஒன்றுக்கு 10.9 வரை) 612க்குக் குறையாதவள், போன வாரம் 603. தோட்டா அதே பேட்ச் நம்பர்தான்.

கிளப்பில் ஒருவர் "கட்டையை ஆயுசுக்கும் கழற்றக் கூடாது, போச்சு" என்கிறார். இன்னொருவர் "எல்லாம் உன் மனசு" என்கிறார். ஸ்டேட் மேட்சுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. கழற்றி மாட்டுவதாலேயே துல்லியம் போகுமா?

மணல்மூட்டை:

இரண்டாமவர் கட்சி நான். கழற்றியபோது கன்னக்கட்டையை நகர்த்தினீர்களா? ஒரு மிமீ ஏறினாலும் கண் வேறு இடத்தில் இருந்து பார்க்கும். முதலில் அதைப் பாருங்கள். ஸ்க்ரூ முறுக்கம் அது இது என்று ஆரம்பித்தால் இந்த சீசன் அதிலேயே முடிந்துவிடும்.

பம்ப் ஷாஃப்ட்:

அம்மணி, நான் சுடுகிறவன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பீளமேட்டுப் பக்கம் லேத் பட்டறை. பம்ப் ஷாஃப்ட்தான் சோறு போடுகிறது. பையன் சுடப் போனதால் அவன் ரைபிளில் கைவைத்து, அப்புறம் அவன் சிநேகிதர்கள் ரைபிளிலும் கைவைத்து, இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

முதலில் உங்கள் பிரச்சினையை இரண்டாக வெட்டுங்கள். அடி 8 மிமீ நகர்ந்தது ஒன்று. குரூப் 16லிருந்து 24 ஆனது இன்னொன்று. முதலாவதற்குக் கவலையே வேண்டாம். கழற்றி மாட்டினால் அடி விழும் இடம் நகரத்தான் செய்யும், சைட் எதற்கு இருக்கிறது? இரண்டாவதுதான் நோய். பத்து வளையத்தின் விட்டம் 10.4 மிமீ. தோட்டா 5.6. விளிம்பைத் தொட்டாலே பத்து என்பதால், ஓட்டையின் மையம் நடுவிலிருந்து 8 மிமீக்குள் இருந்தால் போதும். அதாவது மையத்துக்கு மையம் 16 மிமீ குரூப் சரியாக நடுவில் உட்கார்ந்தால் பத்தும் பத்து. உங்கள் பழைய குரூப் அந்த எல்லையிலேயே இருந்தது. 24 என்றால் ஒன்பதுகள் வந்தே தீரும். மனசு மட்டும் காரணமாக இருந்தால் அடி நாலாபக்கமும் சிதறும். பத்தில் இரண்டு, ஒவ்வொரு முறையும் அதே நாலு மணிக்குப் போனால் அங்கே இரும்போ மரமோ ஏதோ செய்கிறது.

கட்டை எதற்கு அடியை நகர்த்த வேண்டும் என்று எனக்கும் ஆரம்பத்தில் புரியவில்லை. பின் சைட் ஆக்‌ஷன் (பேரலுக்குப் பின்னால் போல்ட் ஓடும் இரும்புப் பகுதி) மேல் இருக்கிறது, முன் சைட் பேரல் முனையில். இரண்டும் இரும்போடு இரும்பு. கட்டையைக் கழற்றி நொய்யலில் விட்டாலும் அந்த இரண்டுக்கும் நடுவே ஒன்றும் மாறக் கூடாது, இல்லையா?

மாறுகிறது, இரண்டு வழியில். ஆக்‌ஷன் உட்காரும் குழிக்குப் பெட்டிங் என்பார்கள் (பந்தயம் கட்டுகிற பெட்டிங் இல்லை, படுக்கை). அது சமமாக இல்லாவிட்டால், ஸ்க்ரூவை முறுக்க முறுக்க அந்தக் கோணலுக்கு ஏற்ப இரும்பே வளையும். பார்த்தால் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு சைட்டுக்கும் நடுவில் 750 மிமீ என்று வைத்துக்கொண்டால், 50 மைக்ரான் வளைவு 50 மீட்டரில் 3 மிமீக்கு மேல் ஆகிவிடும். டெசிமல் ஸ்கோரில் 0.8 மிமீக்கு 0.1 புள்ளி என்பதால் அது ஏறக்குறைய 0.4. பேப்பர் தடிமனில் பாதி வளைவுக்கு இவ்வளவு.

இன்னொரு வழி அதிர்வு. ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டும் ஊசி) அடித்ததிலிருந்து தோட்டா பேரலை விட்டு வெளியே வர ஏறக்குறைய 3 மில்லி வினாடி ஆகிறது. அதற்குள் பேரல் நடுங்க ஆரம்பித்திருக்கும், ரைபிள் பின்னால் நகரவும் ஆரம்பித்திருக்கும். எப்படி நடுங்கும், எப்படி நகரும் என்பது ஆக்‌ஷன் எங்கெங்கே தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரே மாதிரி நடுங்கினால் பிரச்சினையே இல்லை, அடி ஒரே இடத்தில் விழும். உட்கார்ந்த இடத்தில் ஆட்டம் இருந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.

எங்கள் பையன் ரைபிளில் நான் செய்த முதல் சோதனை இதுதான், டயல் கேஜ் இருக்கும் எந்தப் பட்டறையிலும் செய்யலாம். போல்ட்டை எடுத்துவிட்டு, ரைபிளைத் தோல் சுற்றிய வைஸில் மென்மையாகப் பிடித்து, மேக்னட் ஸ்டாண்டைப் பேரலில் ஒட்டி, கேஜின் மூக்கைக் கட்டையின் முன்பக்கத்தில் தொட வைத்தேன். முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தி, முன் ஸ்க்ரூவை மெதுவாகத் தளர்த்தினேன். ஒரு கோடு 10 மைக்ரான். முள் நகர நகர எண்ணினேன்: பன்னிரண்டு கோடு. திரும்ப முறுக்கினால் பன்னிரண்டு கோடு திரும்பி வந்தது. ஸ்க்ரூவுக்கும் மரத்துக்கும் நடுவே இரும்பை வில்லாக வளைத்து வைத்துக்கொண்டுதான் பையன் இரண்டு வருஷம் சுட்டிருக்கிறான். அஞ்சு கோட்டுக்குள் இருந்தால் நல்லது, அதற்கு மேல் போனால் படுக்கையைச் சரிசெய்ய வேண்டும்.

சரிசெய்தேன், அரால்டைட்டில். அது ஒரு தனிக் கதை. இரும்பில் ஒட்டக் கூடாது என்பதற்காக ஷூ பாலிஷை இரண்டு கோட்டு தடவினேன், ஸ்க்ரூ ஓட்டைக்குள் தடவ மறந்துவிட்டேன். மறுநாள் காலை கட்டையும் ஆக்‌ஷனும் சிவனும் பார்வதியும் மாதிரி ஒன்றாகிவிட்டன. குளிரில் இரும்பு கொஞ்சம் சுருங்கும், அப்போது விடும் என்று ஒருவர் சொன்னார். நம் வீட்டு ஃப்ரிட்ஜில் நுழையாது. தெருமுனை ஐஸ்கிரீம் ஏஜென்சிக்காரரின் பெட்டி ஃப்ரீசரில், குல்ஃபி டப்பாக்களுக்கு நடுவே, லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு பையனும் நானும் ராத்திரி பத்தரை வரை காவல் இருந்தோம். எடுத்து ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு, "டக்" என்று விட்டது. அதனால் மேட்சுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அரால்டைட் பக்கமே போகாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: இரண்டு ஸ்க்ரூவையும் தளர்த்துங்கள். ரைபிளை நிமிர்த்திக் குதிகால்பலகை (தோளில் பதியும் பின்நுனி) தரையில் ஊன்றி நிற்க வையுங்கள், ஆக்‌ஷன் தன் எடையில் தானாகப் பின்னால் போய் உட்காரட்டும். அப்படியே நிற்கும்போது முன் ஸ்க்ரூவை விரலால், பிறகு பின் ஸ்க்ரூவை விரலால். அப்புறம் மாற்றி மாற்றி இரண்டு மூன்று தவணையாக முறுக்குங்கள். கைக்கணக்கு வேண்டாம். பந்தய சைக்கிள் விற்கும் கடையில் 5 நியூட்டன் மீட்டருக்கு "டக்" என்று விட்டுவிடுகிற சின்ன டார்க் கீ கிடைக்கும், கார்பன் ஹேண்டில்பாருக்கு வாங்குவார்கள். மரக்கட்டைக்கு 5 தான் வேதம் என்று இல்லை, 4லேயே நன்றாகச் சுடும் ரைபிளும் உண்டு. எந்த எண் என்பது அப்புறம். ஒவ்வொரு தடவையும் அதே எண் வர வேண்டும், அதுதான் முக்கியம்.

அதற்கு முன் நாலு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பூட்டும்போது ரைபிள் எப்படி இருந்தது, மல்லாக்கவா நிமிர்ந்தா? எந்த ஸ்க்ரூ முதலில்? இரண்டு ஸ்க்ரூவும் ஒரே நீளமா, இடம் மாறியிருக்குமா? துடைத்த பிறகு மரத்தில் ஏதாவது தடவினீர்களா?

ஓய்வு பெற்ற ஏஎன்ஓ:

நான் பள்ளி ஆசிரியர், இருபது வருஷம் ஏஎன்ஓவாக, அதாவது பள்ளி என்சிசி அதிகாரியாக, இருந்தவன். அன்ஷூட்ஸெல்லாம் தொட்டதுகூட இல்லை அம்மா. எங்கள் காலம் .303, பழைய ராணுவ ரைபிள். ஆனால் கட்டை விஷயத்தில் ஒரு பாடம் அதில் இருக்கிறது.

அந்த ரைபிளில் முன்கட்டையைக் கழற்ற சிப்பாய்க்கே அனுமதி கிடையாது, ஆர்மரர் (ஆயுதம் பழுதுபார்ப்பவர்) வேலை. காரணம், அதில் பேரல் அந்தரத்தில் நிற்பதில்லை. முன்கட்டைக்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன முளை பேரலை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். கழற்றியவன் அந்த முளையையும் ஸ்பிரிங்கையும் சரியாகத் திருப்பி வைக்காவிட்டால், அல்லது மரம் சுருங்கி அழுத்தம் மாறியிருந்தால், ரைபிள் வேறு ரைபிளாகிவிடும். உங்கள் ரைபிளில் பேரல் மரத்தைத் தொடவே கூடாது, எங்கள் ரைபிளில் கணக்காகத் தொட வேண்டும். இரண்டு வழியும் சரிதான். தொட்டும் தொடாமலும் இருப்பதுதான் கேடு.

இன்னொன்று, பழைய .303 வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: பின்கட்டை ஆடுகிறதே என்று நீள ஸ்க்ரூடிரைவரை விட்டு, அதைப் பிடித்து நிற்கும் போல்ட்டைத் திருப்பாதீர்கள். அதன் சதுர முனை முன்கட்டையின் பின்பகுதிக்குள் நீட்டிக்கொண்டு ஒரு தகட்டில் பூட்டி நிற்கும். முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருப்பினால் அந்தச் சதுரம் மரத்தைப் பிளந்துவிடும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, ஹவில்தார் திட்டியதும்தான்.

பெல்லட்:

10 மீட்டர் ஏர் ரைபிள், அலுமினியக் கட்டை. எங்களுக்கு மரத் தொல்லை இல்லை, ஆனால் மணல்மூட்டை சொன்னது எங்களுக்குப் பொருந்தும். டெல்லி துக்ளகாபாதில் கர்ணி சிங் ரேஞ்சுக்குப் போகும்போது பெட்டிக்குள் அடங்கவில்லை என்று கன்னக்கட்டை, குதிகால்பலகை இரண்டையும் கழற்றினேன். அளவு குறித்து வைக்கவில்லை. அங்கே போய் பயிற்சி நேரம் முழுக்க அதைத் தேடுவதிலேயே போயிற்று. எங்கள் பத்து வெறும் அரை மிமீ புள்ளி, 0.25 மிமீ தள்ளினால் 0.1 காலி. இப்போதெல்லாம் கழற்றுவதற்கு முன் வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒவ்வொரு மூட்டிலும் கோடு, அப்புறம் போனில் நாலு பக்கமும் போட்டோ.

வாலறுந்த ஸ்லிங்:

அண்ணா, சார், எல்லோருக்கும் நன்றி. கன்னக்கட்டை நகரவில்லை, பழைய டேப் அடையாளம் அப்படியே இருக்கிறது.

பம்ப் ஷாஃப்ட் அண்ணா கேள்விகளுக்கு: பூட்டும்போது ரைபிளை மேஜையில் மல்லாக்கப் போட்டிருந்தேன். பின் ஸ்க்ரூவைத்தான் முதலில் முழுசாக முறுக்கினேன். ஸ்க்ரூ இரண்டும் ஒரே நீளம். மரத்தில்... ஆமாம், தடவினேன். பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் வாங்கி, வெளியே மட்டுமில்லாமல் பேரல் படுக்கும் பள்ளத்திலும் தாராளமாகத் தடவினேன். தண்ணீர் உள்ளே இறங்காது என்று நினைத்தேன்.

பம்ப் ஷாஃப்ட்:

அதுதான் அம்மணி. கிட்டத்தட்ட அதுதான். லின்சீட் ஆயில் ஆவியாகிப் போகிற எண்ணெய் இல்லை, காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகி இறுகும். பள்ளத்தில் எங்கேயாவது தேங்கியிருந்தால் அங்கே ஒரு மேடு வந்திருக்கும்.

ஒரு பத்து ரூபாய் நோட்டு எடுங்கள், புதுசாக இருந்தால் நல்லது. பேரல் முனையிலிருந்து பேரலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு, இரண்டு நுனியையும் பிடித்து ஆக்‌ஷன் வரை இழுத்துக்கொண்டு வாருங்கள். தடையில்லாமல் வர வேண்டும். வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள், பெரும்பாலானவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள். படுத்து, ஸ்லிங்கை (ரைபிளைக் கையோடு இறுக்கும் வார்) மாட்டி, சுடும்போது எவ்வளவு இழுத்துக் கட்டுவீர்களோ அவ்வளவு இறுக்கிப் பிடியுங்கள். இன்னொருவரை நோட்டை இழுக்கச் சொல்லுங்கள். ஸ்லிங் முன்கட்டையை இழுத்து வளைக்கும். மேஜை மேல் தொடாத பேரல் அப்போது தொடும். ரேஞ்சில், காலி சேம்பரோடு, போல்ட் வெளியே. இதைச் சொல்லாமல் விட்டால் ஏஎன்ஓ சார் என்னைத் திட்டுவார்.

வாலறுந்த ஸ்லிங், ஒன்பது நாள் கழித்து:

மேஜை மேல் வைத்து இழுத்தபோது நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. "எல்லாம் சரிதானே" என்று விட்டுவிட இருந்தேன். ஸ்லிங் போட்டுப் படுத்ததும், ஆக்‌ஷனுக்கு ஒரு சாண் முன்னால் இடது பக்கம் கப்பென்று நின்றுவிட்டது. தம்பி இழுத்த இழுப்பில் நோட்டு கிழிந்தே போயிற்று. கழற்றிப் பார்த்தால் அந்த இடத்தில் தேன் நிறத்தில் ஒரு திட்டு, விரல் நகம் அளவுகூட இல்லை, நகத்தால் கீறினால் பிசின் மாதிரி சுருண்டு வருகிறது. இடது பக்கம் தொட்டால் பேரலை வலது பக்கம் தள்ளும். என்னுடைய நாலு மணி ஓட்டைகள் அதனால்தான் போல. ஸ்லிங் ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரே இறுக்கத்தில் இருப்பதில்லையே, அதனால்தான் பத்தில் இரண்டு மட்டும்.

பழைய பைப் துண்டில் உப்புத்தாள் சுற்றி அந்தத் திட்டைத் தேய்த்து எடுத்தேன். படுக்கை முழுக்க உலர்ந்த துணியால் துடைத்தேன். அண்ணா சொன்னபடி நிற்க வைத்து, முன் ஸ்க்ரூ, பின் ஸ்க்ரூ, மூன்று தவணையில் 5 நியூட்டன் மீட்டர். முதல் முப்பது ரவுண்டு அடி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டே இருந்தது, அப்புறம் நின்றது. பிறகு பத்துப் பத்தாக அஞ்சு குரூப்: 17, 15, 16, 19, 15. அந்த 19 மட்டும் நான்தான், ட்ரிகரை இழுத்தபோதே தெரிந்தது.

அடி பழைய இடத்துக்கு வரவில்லை, அதற்குப் பக்கத்தில் விழுகிறது. சைட்டில் புது எண்ணை எழுதி ஒட்டிவிட்டேன்.

பம்ப் ஷாஃப்ட்:

முப்பது ரவுண்டு ஏறியது மரம் ஸ்க்ரூவுக்கு அடியில் அமுங்கியதால் இருக்கும், பையன் ரைபிளிலும் அப்படித்தான். மேட்சுக்கு முதல் நாள் கீயை வைத்து ஒரு தடவை சரிபாருங்கள். கழற்ற வேண்டாம், "டக்" என்று சொல்கிறதா என்று மட்டும்.

மணல்மூட்டை:

நான் தப்பு. அந்த டார்க் கீ எந்தக் கடையில் வாங்கினீர்கள்?

வாலறுந்த ஸ்லிங்:

வாங்கவில்லை, தம்பியோட சைக்கிள் சிநேகிதனுடையது. சனிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்குள் வேண்டுமானால் ரேஞ்சுக்கு வாருங்கள்.